குதிரை தளர்ந்த வீணை

நரம்புக் கருவிகளில் தந்தியைத் தாங்கி நிற்கும் சிறு கட்டைக்கு நம்மவர் 'குதிரை' என்று பெயரிட்டனர். வீணையிலும் தம்பூராவிலும் வயலினிலும் இப்பெயரே வழங்குகிறது. இது நமக்கு மட்டும் தோன்றிய கற்பனையன்று. வட இந்தியர் சித்தாரின் இதே உறுப்பைப் பெண் குதிரை என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். அரபியர் தம் 'ஊத்' என்னும் நரம்புக் கருவியில் இதனை 'ஃபரஸ்' என்பர். அதற்கும் குதிரை என்பதே பொருள். பாரசீகர் சற்றுக் குறைத்து மதித்து, 'கரக்', அதாவது சிறு கழுதை என்றனர். பிரெஞ்சுக்காரர் 'ஷெவலே' என்பர். குட்டிக் குதிரை என்று அதற்குப் பொருள். இத்தாலியரும் ஆங்கிலேயரும் இதனைப் பாலம் என்றனர். பாலம் போட்ட இடத்தில் கிடக்கும். குதிரையோ சுமக்கவும் செய்யும், சமயத்தில் இடம் பெயரவும் செய்யும். இவ்வுறுப்பின் குணத்தை அறிந்தே நம்மவர் பெயர் வைத்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

குதிரை தளர்ந்த வீணை ஒன்று நம் கைக்கு வந்தால் அதைச் செப்பனிடுவது எப்படி? பார்வைக்கு இஃது ஒரு சின்னஞ்சிறு கைவேலை. ஆயினும் இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், தமிழர் இசையில் யாழ் போய் வீணை வந்த கதையையும், தஞ்சை நாயக்கர் காலத்தில் வீணைக்கு நேர்ந்த பெரிய மாறுதலையும் தொடாமல் விடை கூற இயலாது. குதிரை தளர்வதால் விளையும் கேட்டை இத்தனை பெரிதாக்கியது அந்த மாறுதலே என்பது என் கருத்து.

யாழும் வீணையும்

பழந்தமிழரின் யாழ் வில் வடிவக் கருவி என்பது விபுலானந்த அடிகளார் முதலிய அறிஞர் கொண்ட முடிவு. பத்தர் என்னும் குடம், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், அதிலிருந்து வளைந்து எழும் கோடு, பத்தரிலிருந்து கோட்டுக்கு ஏறும் நரம்புகள், அவற்றைக் கோட்டில் இறுக்கிக் கட்டும் திவவு ஆகியவையே அதன் உறுப்புகள். பொருநராற்றுப்படை ஆசிரியர் இவ்வுறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக உவமையோடு காட்டுகிறார். தோலை முடுக்கிய ஆணிகளை நண்டின் கண்ணுக்கு ஒப்பிடும் அளவுக்கு அவர் அக்கருவியை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறார். அடியார்க்கு நல்லார் 21 நரம்புடைய பேரியாழையும், 14 நரம்புடைய சகோட யாழையும், 7 நரம்புடைய செங்கோட்டி யாழையும் எடுத்துரைக்கிறார்.

இத்தகைய யாழில் குதிரைக்கு வேலை இல்லை. வில் யாழில் நரம்பு தோலின் மேல் படுத்துச் செல்வதில்லை. தோலிலிருந்து நேரே மேல் நோக்கி எழுகிறது. நரம்பு அதிர்ந்தால் தோலை அதுவே இழுத்து விடுகிறது. இதைக் கண்ணால் காண விரும்புவோர் பர்மிய நாட்டுச் 'சவுங்' என்னும் யாழைப் பார்க்கலாம். மான் தோல் போர்த்த குடம், வளைந்த கோடு, கோட்டில் சுற்றிய கயிற்று முடிச்சுகளால் நரம்பை முறுக்கிச் சுருதி சேர்க்கும் வழக்கம் ஆகிய அனைத்தும் அங்கே இன்றும் உயிரோடு இருக்கின்றன. நம் யாழோடு அதற்குள்ள உறவைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். அவ்வுறவு எதுவாயினும், குதிரை இல்லாமல் ஒரு நரம்புக் கருவி எவ்வாறு பேசும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

வீணையின் அமைப்பு வேறு. தந்தி, தண்டியின் நீளத்துக்குப் படுத்துக்கொண்டே போகிறது. குடத்தின் மேற்பலகைக்கு இணையாகச் சென்று, நாகபாசத்தில் முடிகிறது. இடையில் ஒன்று எழுந்து நின்று தந்தியைத் தூக்கிப் பிடித்து, அதன் துடிப்பைப் பலகைக்குள் இறக்கினாலன்றி ஒலி பிறவாது. அந்த ஒன்றுதான் குதிரை. யாழுக்கும் இன்றைய வீணைக்கும் உள்ள வேற்றுமையை ஒரே உறுப்பைக் காட்டிச் சொல்ல வேண்டுமானால் குதிரையைக் காட்டிவிடலாம்.

'வீணை' என்ற சொல்லைக் கண்டவுடன் இன்றைய கருவியை நினைத்துவிடுதல் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். வடமொழியாளர் வில் யாழையும் வீணை என்றே அழைத்தனர். நான்காம் நூற்றாண்டில் ஆண்ட சமுத்திரகுப்தனின் பொற்காசில் அவன் மடிமேல் வைத்து மீட்டுவது வில் வடிவக் கருவியே. தமிழகத்தில் இரண்டு சொற்களும் ஒருங்கே வழங்கிய காலமும் உண்டு. மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சியில் வீணையரையும் யாழினரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். பின்னர் யாழினர் மறைந்தனர், வீணையர் எஞ்சினர்.

மறைந்த யாழை நூல்களின் துணைகொண்டு மீட்க முயன்றவர் மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார். கணிதமும் இயற்பியலும் இசையும் தமிழும் ஒருவரிடத்தில் கூடியது நம் நற்பேறு. அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகளார் காலமானார்.

யாழைப் பற்றி நூல்களில் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையாரின் இசைப்போட்டிக்குச் சென்ற சீவகன், தன்முன் கொண்டுவந்த யாழ்களை ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். இம்மரம் நீரில் நின்றது, இது இடி விழுந்தது, இது அழுகியது என்று மரத்தின் குற்றம் கூறுகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். கருவியைச் சோதிக்கும் கலை எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றமுள்ள யாழைச் சீவகன் ஒதுக்கினானேயன்றிச் செப்பனிடவில்லை. காப்பியத் தலைவனுக்கு வேறு யாழ் கிடைத்துவிடும். ஊர் ஊராக நடந்த பாணனுக்கு அவ்வாறு கிடைத்திராது; மழையில் தொய்ந்த தோலையும் அறுந்த திவவையும் அவன் தன் கையாலேயே சரிசெய்திருப்பான். அந்தக் கைவேலையைப் புலவர் பாடவில்லை; பாணர் மறைந்தபோது அதுவும் அவர்களோடு போயிற்று. அடிகளார் யாழின் சுரக் கணக்கை மீட்டுத் தந்தார். பாணனின் கைப்பழக்கத்தை மீட்டுத் தர எவராலும் முடியாது.

நிலைத்த மெட்டுகள்

இனி வீணையின் வரலாற்றுக்கு வருவோம். விசயநகரக் காலத்தில், 1550-ஆம் ஆண்டில், இராமாமாத்தியர் 'சுவரமேளகலாநிதி' என்னும் நூலை இயற்றினார். அதில் அவர் வீணைகளை வகைப்படுத்தும்போது, எல்லா இராகத்துக்கும் பொதுவாக மெட்டு வைத்த வீணை என்றும், ஓர் இராகத்துக்கு மட்டும் மெட்டு வைத்த வீணை என்றும் பிரித்துக் கூறுகிறார். பின்னதற்கு ஏகராக மேள வீணை என்று பெயர். மேளம் என்பது இங்கே மெட்டுகளின் வரிசையைக் குறிக்கும். இராகம் மாறினால் மெட்டின் இடமும் மாறும் என்பது இதனால் விளங்குகிறது. அத்தகைய வீணையை வாசித்தவர் மெட்டை நகர்த்தத் தெரிந்தவராகவும் இருந்திருக்க வேண்டும்.

தஞ்சையில் இரகுநாத நாயக்கர் 1600 முதல் 1634 வரை ஆண்டார். அவர் அவையில் கோவிந்த தீட்சிதர் அமைச்சராக விளங்கினார். 'சங்கீத சுதை' என்னும் நூல் அரசர் பெயரால் வழங்குகிறது. அதை எழுதியவர் தம் தந்தையாராகிய தீட்சிதரே என்று வேங்கடமகி கூறுகிறார். தந்தையார் எழுதினார் என்பது மகன் வாக்கு, அரசர் எழுதினார் என்பது நூலின் வாக்கு. நாம் இருவரையும் வணங்கிவிட்டு மேலே செல்வோம். இரகுநாத மேள வீணை என்று அரசர் பெயராலேயே அறியப்பட்ட வீணையில் மெட்டுகள் நிலையாக அமைந்தன. எந்த இராகத்தையும் மெட்டை நகர்த்தாமலே வாசிக்கலாம். இன்று தஞ்சாவூர் வீணையில் நாம் காணும் 24 மெட்டுகளை, அதாவது ஒரு தந்தியில் இரண்டு தாயிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக அமைந்த மெட்டுகளை, அந்த அவையோடு சேர்த்துச் சொல்வது மரபு. வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் 72 மேளங்களை வகுத்ததற்கு, கண்முன் இருந்த பன்னிரண்டு சுரத்தானங்களின் நிலைத்த வரிசை துணைசெய்தது என்பதில் ஐயமில்லை.

இம்மாறுதலை இசை வரலாற்றாசிரியர் போற்றுகின்றனர், போற்றத்தக்கதே. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மெட்டை நகர்த்தி வாசித்த காலத்தில், குதிரை சிறிது இடம் பெயர்ந்தாலும் வாசிப்பவர் அதற்கேற்ப மெட்டை நகர்த்திச் சரிக்கட்டிவிடலாம். மெட்டு மெழுகில் பதிந்து நின்றுவிட்ட பிறகு, குதிரை அசைந்தால் அத்தனை மெட்டும் பொய்யாகிவிடும். மெட்டு நிலைத்து நிற்கிறது என்றால், குதிரையும் நிலைத்து நிற்கிறது என்று நம்பித்தான் நிற்கிறது. சுரத்தானத்தின் பொறுப்பு வாசிப்பவர் கையிலிருந்து வீணை செய்பவர் கைக்கு மாறியதும் அப்போதுதான்.

பள்ளிக் கணக்காகவே இதைப் போட்டுப் பார்க்கலாம். மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 80 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் மெட்டு நட்ட நடுவில், 40 செண்டிமீட்டரில் இருக்கும். அங்கே மேல் சட்சம். 24-ஆம் மெட்டிலிருந்து குதிரைக்கு 20 செண்டிமீட்டர். அங்கே அதற்கும் மேற்பட்ட சட்சம். இப்போது குதிரை நாகபாசத்தின் பக்கமாக 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. திறந்த தந்தியை மீண்டும் சட்சத்துக்குச் சேர்த்துவிட்டோம். 12-ஆம் மெட்டில் சுரம் ஓர் அரைச்சுரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு தாழ்ந்து ஒலிக்கும். பழகாத காது அதைப் பொறுத்துக்கொள்ளும். 24-ஆம் மெட்டிலோ குறை அரைச்சுரத்தில் கால் பங்குக்குச் சற்று மேலாகிவிடும். அதை எந்தக் காதும் பொறுக்காது. 4 மில்லிமீட்டர் என்பது இரண்டு ஐம்பது காசு நாணயங்களை அடுக்கிய கனத்தைவிடச் சிறிதே மிகுதி. மேலே போகப் போகப் பிழை பெருகுகிறது என்பதால், கீழ்த் தாயியை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு வீணை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவோர் உண்டு.

இராமன் கண்டது

தஞ்சாவூர் வீணையின் குதிரை தனி மரத்துண்டு அன்று. பலாமரத்தில், பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவில், குடமும் தண்டியும் அமைகின்றன. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. இணைத்துச் செய்தால் ஒட்டு வீணை. குடத்தின் மேற்பலகையில் குதிரை மரம் கால் ஊன்றி நிற்கும். அதன் தலையில் உலோகத் தகடு ஒன்று பிசின் வகைகளால் ஒட்டப்பட்டிருக்கும். நான்கு வாசிப்புத் தந்திகளும் அத்தகட்டின் மேல் ஓடும். பக்கத்தில் வளைந்த உலோகப் பட்டை ஒன்று தாளத்துக்கும் சுருதிக்கும் உரிய மூன்று தந்திகளைத் தாங்கும். குதிரை மரம் பலகையில் நிற்பது தந்திகளின் அழுத்தத்தால். தகடு மரத்தில் நிற்பது பிசினால். எனவே 'குதிரை தளர்ந்தது' என்று ஒருவர் வந்து சொன்னால், மரம் நகர்ந்ததா, தகடு விட்டுப்போயிற்றா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

அத்தகடு தட்டையாக இருப்பதில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்கு அதன் முதுகு சற்றே குவிந்திருக்கும். எதற்காக அந்தக் குவிவு என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில்தான் நம் மாணவர் அவரை அறிவர். அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் இசைக் கருவிகளின் ஒலியை ஆராய்ந்தார். அவருடைய மனைவியார் உலோகசுந்தரி அம்மையார் வீணை வாசிக்கத் தெரிந்தவர் என்பதும் நினைவுகூரத் தக்கது.

தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்க மாட்டா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய மேனாட்டு அறிஞர் பெயரால் வழங்கும் விதி. தந்தியின் நட்ட நடுவில் மீட்டினால் இரண்டாம், நான்காம் மேற்சுரங்கள் ஊமையாகிவிட வேண்டும். வீணையிலும் தம்பூராவிலும் அவை ஊமையாவதில்லை, வலுவாகவே ஒலிக்கின்றன என்று இராமன் 1921-இல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். காரணம் குதிரையின் வடிவம். மேனாட்டுக் கருவிகளில் தந்தி கூரிய விளிம்பில் வந்து முடிகிறது. வீணையில் அது குவிந்த முதுகின் மேல் படிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது ஒட்டியும் சிறிது விலகியும் ஆடுகிறது. அந்த உரசலிலிருந்து மேற்சுரங்கள் ஓயாமல் பிறக்கின்றன. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூல் வைத்து 'ஜீவா' பிடிப்பதும் இதே காரியத்துக்குத்தான். ஒரு விதியையே மீறும் அந்தக் குவிவைத் தஞ்சைத் தச்சர் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அரத்தாலும் காதாலும் கண்டுபிடித்தனர். வீணையின் நாதம் என்று நாம் வியப்பதில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது.

இதனால்தான் தகடு தளர்ந்த வீணை வெறுமனே ஒலி குறைவதோடு நிற்பதில்லை. இரைச்சல் எழும், தந்தி நடுங்குகிறதா, தகடு நடுங்குகிறதா என்று தெரியாமல் போகும். அந்த இரைச்சலைப் போக்க எண்ணித் தகட்டின் முதுகை அரத்தால் ராவிவிடுகிறவர் சிலர். அதைக் காட்டிலும் பெரிய தீங்கு வேறில்லை.

ஒட்டுவதா, நிறுத்துவதா

குதிரையை ஒட்ட வேண்டுமா, ஒட்டாமல் நிறுத்த வேண்டுமா என்பது கருவிக்குக் கருவி மாறுபடும். இந்நாட்டுக் கம்பூஸ் கருவிகளில் அரபு நாட்டு ஊத் வழியில் வந்த வகையில், குதிரை பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். தந்திகள் அதிலேயே கட்டி முடியும். அங்கே தளர்ச்சி என்றால் பசை விட்டது என்று பொருள். மீண்டும் ஒட்டினால்தான் கருவி பிழைக்கும். கிளந்தான் மக்யோங் ஆட்டத்தில் வாசிக்கும் ரெபாபில் குதிரை தோலின் மேல் நிற்கிறது. அத்தோலின் மேல் மெழுகு உருண்டை ஒன்றையும் ஒட்டி வைப்பர். நாதத்தைச் செம்மைப்படுத்த அது வேண்டும் என்பர்.

வயலினின் குதிரையை ஒட்டவே கூடாது. தந்தியின் அழுத்தம் ஒன்றே அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) மேனாட்டாரிடமிருந்து அக்கருவியைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834-இல் தந்த வயலினை வழங்கினார். இவ்வாறு அக்கருவியை முற்றும் நம்முடையதாக்கிக்கொண்டபோதும், குதிரையை மட்டும் அவர்கள் வழியிலேயே விட்டுவிட்டோம். தந்திகளை ஒரே நேரத்தில் முழுவதும் தளர்த்தினால் குதிரை விழும். அதனோடு உள்ளே நிற்கும் சிறு தூணும் சாய்ந்துவிடக் கூடும். ஆகவே தந்தி மாற்றுவோர் ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவர்.

வீணை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரத்தைப் பலகையோடு ஒட்ட வேண்டுவதில்லை; தகட்டை மரத்தோடு ஒட்டியே தீர வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் நானே ஒரு பிழை செய்தேன். எங்கள் தோட்டத்துப் பழைய கிராணியார் ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது, தம் மகள் பழகிய வீணையைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பல ஆண்டுகள் அது சாமான் அறையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது தந்திகள் தொய்ந்து, குதிரை சாய்ந்திருந்தது. கடையில் விற்கும் இரட்டைக் குழாய்ப் பசையை வாங்கிக் கலந்து, குதிரையைப் பலகையோடு அழுத்தி ஒட்டினேன். மறுநாள் கல்லைப் போல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தந்தி ஏற்றி மீட்டியபோது மேல் சட்சம் தாழ்ந்தது. அதற்கு மேலே போகப் போக ஒன்றுமே சேரவில்லை. உள்ளே தகடு வேறு இரைந்துகொண்டிருந்தது. தளர்ந்திருந்தது தகடு, நான் ஒட்டியதோ மரத்தை. அதையும் இடம் தப்பி ஒட்டியிருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸுக்கு அதைக் கொண்டுபோனேன். இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறிய அந்தப் பகுதியில் கருநாடக இசைக்கு நெடுங்காலமாக வேர் உண்டு. சங்கீத அபிவிருத்தி சபை அங்கே தோன்றியது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய நுண்கலைக் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. கற்றுக்கொடுப்போருக்குக் குறைவில்லை. குதிரையைக் கழற்றி மாட்டத் தெரிந்த கை வேண்டும் என்றபோதுதான் பலரும் யோசித்தனர். தஞ்சைக்கு அனுப்புங்கள் என்றார் ஒருவர். தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்று உலகறிந்த பொருளாகிவிட்டது; ஆனால் கப்பல் கூலியும் விமானக் கூலியும் கணக்கிட்டால் புதிய வீணையே வாங்கிவிடலாம் போலிருந்தது. பலர் அதைத்தான் செய்கின்றனர். பழைய வீணை கண்ணாடி அலமாரிக்குப் போய்விடுகிறது.

இறுதியில் முதிய வீணை ஆசிரியை ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, "ஐயா, பயப்படாமல் செய்யுங்கள், நான் சொல்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே என் கையாலேயே அதைச் செய்வித்தார். அவர் செய்வித்த முறையை எழுதிவைப்பது, வீணை வைத்திருக்கும் பிறருக்கு உதவும்.

தந்தியைத் தளர்த்துமுன் குதிரையின் கால் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். என் வீணையில் அதற்கு வழியில்லை. ஆனால் பலகையின் மெருகில், பழைய கால் நின்ற இடம் வெளிறிய சிறு கட்டமாகத் தெரிந்தது; அதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். நான் ஒட்டிய இடம் அதற்கு நான்கைந்து மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. பசையை மெல்லிய தகட்டுக் கத்தியால் சிறிது சிறிதாக அறுத்து எடுத்தோம். மெருகில் ஒரு விரல் அகலம் உரிந்து வந்துவிட்டது. அது என் பிழையின் அடையாளமாக அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு தகட்டை மரத்திலிருந்து எடுத்தார். அடியில் இருந்த பழைய பிசின் காலத்தால் உலர்ந்து பொடியாகியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, புதுக் குங்கிலியத்தை உருக்கி, தகட்டை இளஞ்சூடாக்கிப் பதித்து, ஆறும் வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஓரத்தில் வழிந்ததை ஆறிய பின்பே நீக்க வேண்டும். தகட்டின் முதுகை எதனாலும் தேய்க்கவிடவில்லை. தந்தி ஓடி ஓடி விழுந்திருந்த மெல்லிய தடங்களைப் பார்த்து, "இவை இன்னும் ஆழமானால் தகட்டை மாற்ற வேண்டியிருக்கும், இப்போது வேண்டாம்" என்றார்.

குதிரையின் கால்கள் பலகையில் முழுமையாகப் படிகின்றனவா என்று பார்க்க நான் ஒரு வழி சொன்னேன். அதை மட்டும் அவர் மெச்சினார். கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பலகையில் இலேசாகத் தடவி, அதன்மேல் குதிரையை வைத்து எடுத்தால், தொட்ட இடம் காலில் வெள்ளையாகப் பதியும். ஒரு காலின் ஓரம் மட்டும் பதிந்தது. பந்திங் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் பலகை சற்று உப்பியிருந்தது போலும். உப்புத்தாளால் காலின் அடியை ஓரிரு முறை தேய்த்தபின் முழுக் காலும் வெளுத்தது. இந்நாட்டு வெப்பத்தில் மெட்டு மெழுகும் இளகும். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துச் செய்வது அது. வீணையைக் காரின் பின்பெட்டியில் நண்பகலில் விட்டுச் செல்வோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குதிரையைப் பழைய தடத்தில் நிறுத்தி, நான்கு தந்திகளையும் ஒரேயடியாக ஏற்றாமல், முதலில் ஓரத்துத் தந்தி இரண்டைப் பாதி முறுக்கில் பிடித்தோம். இனிச் சோதனை. சாரணைத் தந்தியின் நட்ட நடுவை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மேல் சட்சம் மணிபோல் எழும். அந்த ஒலி மெட்டைச் சார்ந்ததன்று. அடுத்து 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றானால் குதிரை தன் இடத்தில் நிற்கிறது. அழுத்திய சுரம் உயர்ந்தால் குதிரையை நாகபாசத்தின் பக்கம் தள்ள வேண்டும். தாழ்ந்தால் மெட்டுகளின் பக்கம் கொண்டுவர வேண்டும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் தந்தியைத் தளர்த்தியே நகர்த்த வேண்டும். முறுக்கோடு தட்டினால் கால் மெருகைக் கீறிவிடும். மூன்று முறை நகர்த்தினோம். பின்பு எல்லாத் தந்தியையும் முழுச் சுருதிக்கு ஏற்றி, இரவு முழுதும் விட்டுவைத்தோம். புதிய முறுக்குக்குப் பலகையும் குதிரையும் பழக வேண்டும் என்றார் ஆசிரியை.

மறுநாள் காலையில் சுருதி சிறிது இறங்கியிருந்தது. சேர்த்து மீட்டியபோது நடுத் தந்தியும் 12-ஆம் மெட்டும் ஒன்றாகப் பேசின; இரைச்சல் இல்லை. 19-க்கு மேற்பட்ட மெட்டுகளில் இரண்டு மூன்று இன்னும் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கின்றன. அவை மெழுகில் நகர்ந்த மெட்டுகள். குதிரையால் திருத்த முடியாதவை. அந்த மெழுகைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. ஆசிரியை தீபாவளி கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேன்மெழுகு கால் கிலோவும் குங்கிலியமும் வாங்கி வைக்கச் சொன்னார், வாங்கி வைத்திருக்கிறேன்.